‘கேஷ்’ங்கிற இங்கிலீஷ் வார்த்தை நம்ம ‘காசு’லேர்ந்து வந்ததா?

நாம தினமும் சொல்ற ‘கேஷ்’ காசுலேர்ந்து வரல. ஆனா அதே ஸ்பெல்லிங்ல இங்கிலீஷ்ல இன்னொரு ‘கேஷ்’ இருக்கு, அது நம்ம காசேதான்.

போன வாரம் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு நிக்கிறப்ப கடைக்காரர் "கேஷா, பேநௌவா அக்கா?"ன்னு (பேநௌன்னா போன்லயே பணம் அனுப்புறது) கேட்டாரு, எங்கம்மா சுருக்குப்பையைத் திறந்து "காசுதாம்பா"ன்னாங்க, என் பொண்ணு (பிரைமரி ஃபைவ்) உடனே "ரெண்டும் ஒரே வேர்டாம்மா?"ன்னு பிடிச்சுக்கிட்டா. எம்ஆர்டி ரயில்ல வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவகிட்ட சொன்னதத்தான் இங்கயும் எழுதுறேன்.

பணத்தைக் குறிக்கிற கேஷ் 16-ஆம் நூற்றாண்டு கடைசியில இங்கிலீஷுக்குள்ள வந்தப்ப அதுக்குப் பணப்பெட்டின்னும் அர்த்தம் இருந்துச்சு. பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள்ல பெட்டிக்கு இருந்த வார்த்தை அது, அதுக்கும் முன்னாடி லத்தீன்ல ‘காப்ஸா’, அதுவும் பெட்டிதான். பெட்டியோட பேரு போகப்போக உள்ள இருக்கிற பணத்துக்கே ஒட்டிக்கிச்சு. நம்ம கடைங்கள்ல "இன்னைக்குக் கல்லா எப்படி?"ன்னு கேட்டா பெட்டியையா கேக்குறாங்க, அன்னைக்கு விழுந்த பணத்தத்தானே, அதே மாதிரிதான் இதுவும். கேஷியர், சூட்கேஸ்ல வர்ற ‘கேஸ்’ எல்லாமே அந்த லத்தீன் பெட்டியோட பிள்ளைங்கதான்.

இப்ப இன்னொரு கேஷ். போர்த்துகீசியர்கள் இந்தப் பக்கம் வந்தப்ப (1511-ல மலாக்காவையே பிடிச்சுட்டாங்க) இங்க புழங்குன சின்னச் சின்ன நாணயங்களுக்கு ‘காய்ஷா’ன்னு பேர் வச்சாங்க, அந்தப் பேரை அகராதிகள் தமிழ் ‘காசு’க்குத்தான் கொண்டுபோகுது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா போர்த்துகீசியத்துல காய்ஷான்னா பெட்டி, அதே லத்தீன் பெட்டி, காதுல விழுந்த காசை அவங்க தங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தைக்குள்ள போட்டுக்கிட்டாங்க, அங்கேர்ந்து அது இங்கிலீஷுக்குப் போயி, சீனாவுல நடுவுல சதுர ஓட்டை போட்ட செப்புக்காசு இருக்கு பாருங்க, அதுக்கும் இங்கிலீஷ்ல கேஷ்னே பேராயிடுச்சு.

காசு நம்மகிட்ட எவ்வளவு பழசுன்னா, குறுந்தொகை 67-ஆவது பாட்டுலயே கிளி வாயில இருக்கிற வேப்பம்பழம், புது நூல்ல கோர்க்கப்போற பொற்காசு மாதிரி இருக்குன்னு வருது. அதைச் சொன்னப்ப என் பொண்ணு பாட்டியோட காசுமாலையா அதுன்னு கேட்டா, எனக்கு அப்படியே சிலிர்த்துப்போச்சு. சிங்கப்பூர்ல டாலரை வெள்ளின்னும் சென்ட்டைக் காசுன்னும் சொல்றோம், "ரெண்டு வெள்ளி அம்பது காசு"ன்னு, அதனால இந்தச் சொல் இன்னும் சில்லறையாவே நம்ம கையில புழங்குது.

ரெண்டு கேஷையும் பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. பணத்தைச் சொல்ற கேஷுக்கு முன்னாடி எண் போட முடியாது, ‘மூணு கேஷ் குடு’ன்னு இங்கிலீஷ்ல யாரும் கேக்க மாட்டாங்க. நாணயத்தைச் சொல்ற கேஷுக்கு எண் வரும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மதராஸ் கணக்குல 80 கேஷ் ஒரு ‘பணம்’ (அப்ப அது ஒரு சின்ன நாணயத்தோட பேரு), 42 பணம் ஒரு வராகன் (தங்க நாணயம்)னு இருந்துச்சு. அந்த 80 கேஷ், நம்ம காசு.