விடுதியில் முதல் வாரம்

கேள்வி: மகள் சென்னையில் கல்லூரி விடுதியில் சேர்ந்து ஒரு வாரம். தினமும் ராத்திரி போனில் அழுகிறாள். திரும்பக் கூட்டி வந்துவிடலாமா?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. முதலில், சீனியர்கள் யாராவது தொல்லை தருகிறார்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பொறுக்கவே வேண்டாம், வார்டனிடம் சொல்லுங்கள். 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் புகார் செய்யலாம்.

வீட்டு ஏக்கம் மட்டும்தான் என்றால், அது கரையும். நானும் முதல் பத்து நாள் தலையணையை நனைத்தவள்தான். அம்மா பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் கொடுத்தனுப்பினார். மெஸ் சோற்றில் பிசைந்து பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு ஒரு உருண்டை கொடுத்தேன். மறுநாளிலிருந்து சாப்பிட, துணி துவைக்க எல்லாம் சேர்ந்தேதான் போனோம். நீங்களும் இரண்டு பேருக்குக் காணும்படி கட்டி அனுப்புங்கள். அப்புறம், அடுத்த லீவுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்து, தேதியை அவளிடம் சொல்லிவிடுங்கள்.