நன்கொடைத் தொகைக் கட்டங்களை ஸ்கிரீன் ரீடர் படிக்காதது ஏன்?
வணக்கம். உங்கள் நன்கொடைப் பக்கத்தில் ₹500, ₹1000, ₹2500 கட்டங்களை என்விடிஏ (திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்கு வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்) படிக்கவில்லை, டேப் விசையும் அவற்றைத் தாண்டிப் போகிறது என்கிறீர்கள். நீங்கள் போட்டிருக்கும் நிரலில் ரேடியோ பொத்தான்களை (பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் பொத்தான்கள்) 'டிஸ்ப்ளே: நன்' (display: none) என்ற சிஎஸ்எஸ் விதி கொடுத்து மறைத்திருப்பதுதான் காரணம். அப்படி மறைத்தால் ஸ்கிரீன் ரீடருக்கும் விசைப்பலகைக்கும் அவை இல்லாமல் போய்விடும். அதை நீக்கி, ஒப்பாசிட்டி 0 (கண்ணுக்குத் தெரியாத அளவு ஒளிபுகும் நிலை) கொடுத்து, பொத்தானைக் கட்டத்தின் மேல் முழுதாகப் பரப்புங்கள். ஃபோகஸ் வளையத்தை (விசைப்பலகை இப்போது எங்கே நிற்கிறது என்று காட்டும் கோடு) கட்டத்துக்குக் கொடுக்க மறக்காதீர்கள்.

மூன்றையும் ஒரே ஃபீல்ட்செட்டில் (படிவப் புலங்களைக் குழுவாக்கும் குறிச்சொல்) வைத்து, அதன் தலைப்பான லெஜெண்டில் "நன்கொடைத் தொகை" என்று எழுதுங்கள். இல்லையேல் எதற்கான 500 என்றே கேட்பவருக்குப் புரியாது. "வேறு தொகை" பெட்டிக்குப் பிளேஸ்ஹோல்டர் (பெட்டிக்குள் தெரியும் குறிப்பு எழுத்து) மட்டும் போதாது, தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். நிலையான லேபிள் கட்டாயம் வேண்டும்.

சோதிக்கும்போது டேப் ஒருமுறைதான் குழுவுக்குள் நிற்கும், பிறகு அம்புக்குறி விசைகளால் நகருங்கள். அது பிழையல்ல. ஆரஞ்சுப் பொத்தானில் வெள்ளை எழுத்தையும் பாருங்கள்: சாதாரண அளவு எழுத்துக்கு பின்னணி நிறத்தோடு குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு தேவை.