கனமான கவர்

கேள்வி: என் தங்கை மகள் அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறாள். வேலைக்குப் போய்க்கொண்டே ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டாள். ஒன்றரை வருடமாக இலக்கிய ஏஜென்டுகளுக்கு அனுப்புகிறாள். 22 பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். "விட்டுடட்டுமா பெரியம்மா?" என்று என்னிடம் கேட்கிறாள். எனக்குத் தெரிந்த ஒரே ஏஜென்ட் எல்.ஐ.சி. ஏஜென்ட். என்ன சொல்ல?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நல்லவேளை, 22-லேயே கேட்டீர்கள். கேத்ரின் ஸ்டாக்கெட் என்ற அமெரிக்க எழுத்தாளருக்கு 60 பேர் மறுத்தார்கள். 61-வதாகக் கிடைத்த சூசன் ரேமர் என்ற ஏஜென்ட், மூன்றே வாரத்தில் நாவலை ஒரு பதிப்பகத்துக்கு விற்றுக் கொடுத்தார். 2009-இல் வந்த 'தி ஹெல்ப்' அதுதான். மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில், 1960-களில் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்த கறுப்பினப் பெண்களின் கதை. வெள்ளைக்காரப் பெண்ணான ஸ்டாக்கெட் அவர்கள் குரலில் பேசலாமா என்ற சண்டை பிற்பாடு வந்தது. அதில் நியாயமும் உண்டு, ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

எழுத ஐந்து வருடம், மறுப்பு வாங்க மூன்றரை வருடம் ஆனதாக அவரே எழுதியிருக்கிறார். முதல் மறுப்புக் கடிதம் வந்தபோது சந்தோஷமாகத் தோழிகளுக்குப் போன் போட்டுச் சொன்னாராம். நாற்பதாவது கடிதத்தில், இந்த மாதிரி அலுப்புத் தட்டும் எழுத்துக்குச் சந்தையே கிடையாது என்று இருந்தது. அன்றைக்கு அழுதிருக்கிறார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், கடைசி அத்தியாயத்தைத் திருத்தி முடிக்காமல் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். குழந்தை பிறந்த பிறகு இன்னும் மோசம். தோழிகளோடு வெளியூர் போகிறேன் என்று கணவரிடம் பொய் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே ஒரு ஓட்டலில் ரூம் போட்டு எழுதியிருக்கிறார்.

இதைச் சொன்னால் எல்லோரும் "அடேயப்பா, 60 தடவை!" என்கிறார்கள். எனக்கு அந்த ஓட்டல் ரூம்தான் முக்கியம். மறுப்பு வரவர அவர் நாவலைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார். அறுபதாவது ஆளுக்குப் போனது, முதல் ஆளுக்குப் போன அதே நாவல் இல்லை.

என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தேன். நம் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய கவர் ஒன்றைக் கூடவே வைக்க வேண்டும். கதை திரும்பினால் கவர் கனமாக வரும், எடுத்துக்கொண்டால் மெலிசாக ஒரு கடிதம் வரும். எங்கள் தபால்காரர் கவரைக் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனையிலேயே உதட்டைப் பிதுக்குவார். எனக்குச் சந்தேகம், இவர்கள் படிக்கிறார்களா இல்லையா என்று. ஒரு சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஏழாம் பக்கத்தையும் எட்டாம் பக்கத்தையும் ஒட்டி அனுப்பினேன். ஒட்டியது ஒட்டியபடியே திரும்பி வந்தது!

ஊரெல்லாம் சொல்லித் திட்டினேன். இரண்டு வருடம் கழித்துப் பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தக் கதை கையில் கிடைத்தது. படித்தேன். முதல் ஆறு பக்கமும் தேர் நகருகிறது, நகருகிறது, நகர்ந்துகொண்டே இருக்கிறது. கதாநாயகி ஏழாம் பக்கத்தில்தான் வாசலுக்கே வருகிறாள். நானாக இருந்தாலும் மூன்றாம் பக்கத்தில் கீழே வைத்திருப்பேன்.

உங்கள் தங்கை மகளுக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான். அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் எழுத்தாளர் நேராக அனுப்புவதைப் பிரித்தே பார்ப்பதில்லை, ஏஜென்ட் வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஏஜென்டும் எடுத்த எடுப்பில் முழு நாவலைக் கேட்கமாட்டார். ஒரு பக்கக் கடிதம், சிலர் கதைச் சுருக்கம் கேட்பார்கள், அப்புறம் முதல் ஐந்தோ பத்தோ பக்கம். பிடித்தால்தான் மிச்சத்தை அனுப்பச் சொல்வார். பலர் பதிலே போடமாட்டார்கள், அதையும் மறுப்பு என்றுதான் கணக்கில் வைக்க வேண்டும். ஆக, 22 பேர் மறுத்தார்கள் என்றால் 22 பேர் நாவலைப் படித்தார்கள் என்று அர்த்தமில்லை.

அவளிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். 22 பேரில் எத்தனை பேர் முழு நாவலையும் வாங்கிப் பார்த்தார்கள்? ஒருவர்கூட இல்லை என்றால் கோளாறு கடிதத்தில் இருக்கலாம், முதல் பத்துப் பக்கத்தில் இருக்கலாம், அல்லது இந்த மாதிரிக் கதையே எடுக்காத ஏஜென்டுகளுக்கு அனுப்பியிருக்கலாம். நாலைந்து பேர் வாங்கிப் படித்துவிட்டு மறுத்திருந்தால் கோளாறு உள்ளே எங்கோ இருக்கிறது. முதல் ஏஜென்டுக்குப் போன பத்துப் பக்கமும் 22-வது ஏஜென்டுக்குப் போன பத்துப் பக்கமும் ஒன்றேதானா? இது அடுத்த கேள்வி. ஆமாம் என்றால் 23-வது கடிதத்தை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். திருத்திவிட்டு, ஐந்தாறு பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்பட்டும். அங்கே அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

கேள்வி (அதே வாசகியிடமிருந்து இரண்டாவது கடிதம்): ஒரு ஏஜென்ட், படித்துப் பார்க்கவே 300 டாலர் கட்டணம் கேட்கிறாராம். கட்டலாமா?

பதில்: கட்டவே கூடாது! ஒழுங்கான ஏஜென்ட் புத்தகம் விற்ற பிறகுதான் காசு பார்ப்பார். எழுத்தாளருக்கு வருவதில் வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை விற்றால் பெரும்பாலும் 20. முன்பணம் கேட்கிறவருக்குப் புத்தகம் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன? அந்த 300 டாலருக்கு அவளையும் இரண்டு நாள் எங்கேயாவது ஓட்டலில் ரூம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டே போகலாம்.