சிஇபி 10 மீட்டர் என்றால் 10 மீட்டருக்குள் விழுமா?

கேள்வி: ஏவுகணைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஓர் ஏவுகணைக்கு 'சிஇபி 10 மீட்டர்' என்று படித்தேன். இலக்கிலிருந்து 10 மீட்டருக்கு மேல் விலகாது என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம், தவறாகிவிடும். சிஇபி, அதாவது சர்க்குலர் எரர் புராபபிள், பாதிக் கணக்கை மட்டுமே சொல்கிறது. இலக்கைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். ஏவியவற்றில் பாதி அதற்குள் விழும் என்றால் அந்த வட்டத்தின் ஆரம்தான் சிஇபி. விட்டம் அல்ல, இதில் பலர் சறுக்குகிறார்கள்.

சரி, மீதிப் பாதி எங்கே போகும்? பிழை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பரவுகிறது என்று வைத்துக்கொண்டால், 20 மீட்டருக்குள் சுமார் 94 சதவீதமும் 30 மீட்டருக்குள் 99.8 சதவீதமும் அடங்கிவிடும். நெடுந்தூர ஏவுகணைகள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. முன்பின்னாக விலகுவதும் பக்கவாட்டில் விலகுவதும் வேறு வேறு அளவில் இருக்கும். விழுந்த இடங்களைப் புள்ளி வைத்துப் பார்த்தால் நீள்வட்டம்தான் தெரியும்.

இந்த ஓர் எண்ணுக்காக ராணுவங்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகின்றன? வெடிப்பின் அழுத்தம் எட்டும் தூரம் அதன் ஆற்றலின் கனமூலத்தைப் பொறுத்துத்தான் கூடும். நிலத்தடியில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஏவுதளம் போன்ற இலக்கை இரண்டு மடங்கு தூரத்திலிருந்து உடைக்க, 8 மடங்கு ஆற்றலுள்ள அணு வெடிமுனை வேண்டும். சிஇபியைப் பாதியாகக் குறைத்தால் அதே பலன் கிடைத்துவிடும். 1944-இல் ஜெர்மனி லண்டன் மீது ஏவிய வி-2 ஏவுகணை கிலோமீட்டர் கணக்கில் விலகி விழுந்தது. அந்தத் துல்லியத்தை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தைக் குறிவைக்கலாம், ஒரு கட்டடத்தைக் குறிவைக்க முடியாது.

எழுதும்போது இன்னும் சில விஷயங்கள். சிஇபி குறைந்தால்தான் துல்லியம் கூடுகிறது. 'சிஇபி அதிகரிக்கப்பட்டது' என்று பாராட்டாக எழுதிவிடாதீர்கள். வெடிப்பு சேதப்படுத்தும் பரப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடுவழியில் பழுதாகி விழுந்தவற்றைப் பொதுவாக இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது நம்பகத்தன்மை என்று தனியாக வரும். அப்புறம், தயாரித்தவர் சொல்லும் எண் பெரும்பாலும் சோதனைக் களத்து எண். ஜிபிஎஸ் சிக்னலை எதிரி முடக்கும் இடத்தில் அதே துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. அதனால் எண்ணைத் தந்தது யார் என்பதையும் சேர்த்து, 'ஏவியவற்றில் பாதி, இலக்கிலிருந்து 10 மீட்டருக்குள் விழும் என்கிறது தயாரிப்பு நிறுவனம்' என்று எழுதுங்கள்.