பளபளப்பு ரொம்ப இருந்தா உஷார்! வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஒரு ஏல கேட்லாக்ல 1920கள்ல வந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 1 ரெண்டு பாத்தேன் சார். ஒண்ணு புதுசாட்டம் ஜொலிக்குது, இன்னொண்ணு பெயின்ட் மங்கி சீட் லெதரெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. ஆனா கலெக்டருங்க அந்த வெடிச்சதுக்குத்தான் அடிச்சுக்கறாங்கன்னு சொல்றாங்களே, ஏன்? (காரைக்குடி வாசகர்)

பதில்: புது பெயின்ட் எப்ப வேணா அடிச்சுக்கலாம், 1926ல அடிச்ச பெயின்ட்ட இன்னிக்கு யார் அடிக்க முடியும்? முன்னெல்லாம் பழைய வண்டி கெடச்சா அக்கு அக்கா பிரிச்சு எல்லாத்தையும் புதுசாக்கி நிறுத்துறதுதான் கௌரவம், இப்ப அந்த மோகம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. கலிஃபோர்னியாவுல பெபிள் பீச்னு உலகத்துலயே ரொம்பப் பேர் வாங்கின பழைய கார் அழகுப் போட்டி ஒண்ணு நடக்குது, அங்க 2024ல முதல் பரிசு வாங்கினது 1934 புகாட்டி ஒண்ணு, ரீஸ்டோர் பண்ணாம அப்படியே வச்சிருந்த வண்டி. அந்த மாதிரி வண்டிக்கு அங்க முதல் பரிசு கெடச்சது அதுதான் முதல் தடவை.

இன்னொரு விஷயம், ஜொலிக்கிற வண்டியோட ரேடியேட்டர், லைட்டெல்லாம் உத்துப் பாருங்க. 1926 வண்டிக்கு நிக்கல் முலாம்தான் போட்டிருப்பாங்க, குரோம் புழக்கத்துக்கு வந்ததே 20கள் கடைசியிலதான். குரோம் மின்னுச்சுன்னா அது பின்னாடி யாரோ போட்டது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் பாடியில இருக்கு. அந்தக் காலத்துல ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி சேஸிஸும் (அதாவது வண்டியோட அடிச்சட்டம்) எஞ்சினும்தான் குடுக்கும், பாடிய பார்க்கர், ஹூப்பர் மாதிரி கட்டுறவங்ககிட்ட ஓனர் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கணும். ஆஷ் மரத்துல சட்டம் போட்டு மேல அலுமினியத் தகடு அடிச்சிருப்பாங்க, வெளிய தகடு நல்லா இருந்தாலும் உள்ள மரம் உளுத்துப் போயிருக்கலாம், அதனால கதவ ஒருதடவ தூக்கி ஆட்டிப் பாக்காம விலை பேசவே கூடாது. இதுல, மேல மூடின லிமோசினைவிட தொறந்த வண்டிக்கு விலை ஜாஸ்திங்கறதால பழைய பாடியக் கழட்டிட்டு வேற பாடி மாட்டின வண்டிங்க நெறைய சுத்துது. இங்கிலாந்துல ரோல்ஸ் ராய்ஸ் பிரியர்கள் சங்கத்துகிட்ட அந்த ஊரு டெர்பியில இருந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபேக்டரியோட ஒரிஜினல் சேஸிஸ் ரெக்கார்டு இருக்கு, எந்த நம்பருக்கு எந்த பாடின்னு அதுல பாத்துடலாம். அந்தத் தாள் இல்லாம பேசற விலை வெறும் வாய்ப்பேச்சுதான்.

கேள்வி: எஞ்சின் எப்படி? இன்னிக்கும் ஓட்ட முடியுமா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: தாராளமா. ஆறு சிலிண்டர், 7.7 லிட்டர் கிட்ட, சத்தமே வராது, பெட்ரோல் குடிக்கறத மட்டும் கேக்காதீங்க. 1928லேர்ந்து சிலிண்டர் ஹெட் (எஞ்சின் மேல இருக்கற மூடி) அலுமினியத்துல வந்துச்சு, கூலிங் தண்ணி பட்டுப் பட்டு அது அரிச்சுடும், அதனால புது ஹெட் மாத்தியிருந்தா மூஞ்சியச் சுளிக்காதீங்க, ஒரிஜினல்தான் வேணும்னு இந்த இடத்துல மட்டும் நான் அடம் பிடிக்கமாட்டேன். டெர்பி வண்டியில நாலு கியர், கியர் மாத்தறப்ப பல்லுங்க வேகத்த தானா ஒத்துப் போக வைக்கற சிங்க்ரோ கெடையாது, நம்ம ஊரு பழைய லாரி டிரைவருங்க மாதிரி கிளட்ச ரெண்டு தடவ மிதிச்சு டபுள் கிளட்ச் போடத் தெரிஞ்சிருக்கணும். பிரேக்குக்கு உதவற சர்வோ கியர்பாக்ஸ் சுத்தறதுல வேலை செய்யுது, அதனால வண்டி ஓடும்போதுதான் பிரேக்குக்கு முழு பலம். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டுல செஞ்ச ஃபேன்டமும் இருக்கு, அதுல மூணு கியர்தான். மட்டம்னு சிலர் சொல்வாங்க, நான் ஒத்துக்கமாட்டேன்.

கேள்வி: இந்த மாடலை ரகசியமா செஞ்சாங்களாமே, நெஜமா? (சேலம் வாசகர்)

பதில்: நெஜம். 1925ல வெளிய விடற வரைக்கும் இதுக்கு ஃபேக்டரியில வச்ச பேரு 'ஈஸ்டர்ன் ஆர்மர்டு கார்', அதாவது கவச வண்டி! எவனாவது மோப்பம் பிடிச்சு வந்தா நம்பட்டும்னு கவசத் தகடுங்களக்கூட அங்கங்க போட்டு வச்சிருந்தாங்க.