முதல் நாவல், சொந்தக் காசு: வாசகர் கேள்விகளுக்கு விடை

சொந்தமாக நாவல் வெளியிட முனையும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளில் சில இங்கே. புத்தக வடிவமைப்பிலும் மெய்ப்பு (ப்ரூஃப்) திருத்துவதிலும் பழகியவர்கள் விடை எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: போனிலேயே டைப் செய்து நாவலை முடித்துவிட்டேன். 62,000 சொற்கள் வந்திருக்கின்றன. எத்தனை பக்கம் வரும்? எந்த அளவில் போடுவது?
– பென்னாகரம் வாசகி

நாவலுக்கு டெமி 1/8, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், வசதியான அளவு. 11 புள்ளி எழுத்து, பக்கத்துக்கு 28 முதல் 30 வரி என்று வைத்தால் ஒரு பக்கத்தில் சுமார் 220 சொல் நிற்கும். உங்கள் நாவல் 282 பக்கம். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், முன்னுரை எல்லாம் சேர்ந்து 290ஐத் தொடும்.

இந்த 290தான் சிக்கல். பிளேட் வைத்து அடிக்கும் ஆஃப்செட்டில், ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். 288 பக்கம் என்றால் சரியாக 18 ஃபாரம். மிச்சமுள்ள இரண்டு பக்கத்துக்காக இன்னொரு அரை ஃபாரமாவது ஓட்ட வேண்டும். காசும் போகும், கடைசியில் வெற்றுத்தாளும் தொங்கும். நன்றியுரையைச் சுருக்குங்கள், அத்தியாய முடிவில் ஓரிரு வரி மட்டும் தனியே நிற்கும் பக்கங்களைத் தேடி இழுத்துவிடுங்கள், 288க்கு வந்துவிடும். எழுத்தைச் சிறிதாக்கி மட்டும் பக்கத்தைக் குறைக்காதீர்கள். 10 புள்ளியில் தமிழ் படிக்க நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கண் வலிக்கும். நாவல் வாங்குகிறவர்களில் அவர்களும் உண்டு.

உள்தாளுக்கு 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) நேச்சுரல் ஷேடு, அதாவது லேசான மஞ்சள் சாயல் தாள், அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு, மேலே மேட் லேமினேஷன். இந்தத் தாளில் 288 பக்கப் புத்தகத்தின் முதுகு ஏறத்தாழ 15 மி.மீ. வரும். தாள் மாறினால் முதுகும் மாறும். அதனால் அச்சகம் எந்தத் தாள் என்று உறுதி சொன்ன பிறகே அட்டையை முடியுங்கள். இல்லாவிட்டால் முதுகில் நிற்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும்.

கேள்வி: நாவலை எங்கள் ஊர் டி.டி.பி. நிலையத்தில் பக்கம் அமைக்கக் கொடுத்தேன். நான் கொடுத்த ஃபைலில் இல்லாத பிழைகளெல்லாம் திரும்பி வந்த பக்கங்களில் இருக்கின்றன. அவர் என் ஃபைலில்தான் பிழை என்கிறார். யார் சொல்வது சரி?
– பர்கூர் வாசகர்

பெரும்பாலும் இரண்டு பேர் மேலும் தப்பில்லை, எழுத்துரு மாற்றத்தில் வந்த வினை. நீங்கள் யூனிகோடில் டைப் செய்திருப்பீர்கள். பல நிலையங்களில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை நடக்கிறது. மாற்றும்போது மேற்கோள் குறிகளும் இடையில் வந்த ஆங்கில எழுத்துகளும் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்தாகிவிடும். பழைய எழுத்துருவில் கொம்பு தனி எழுத்து. சொல்லை வரிக்கடைசியில் உடைத்தால் கொம்பு மேல்வரியிலும் அதற்குரிய எழுத்து கீழ்வரியிலும் போய் நிற்கும்.

முடிந்தால் யூனிகோடிலேயே லேஅவுட் செய்யச் சொல்லுங்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனின் புதிய பதிப்புகளில் அது முடியும். கொம்பு இடம் மாறித் தெரிந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்வு செய்யவில்லை என்று அர்த்தம். ஒரு சொடுக்கில் சரியாகிவிடும். முன்பின் துணையில்லாமல் புள்ளி வட்டத்தோடு நிற்கும் கொம்பைப் பிடிக்க, இடைவெளியும் அதையடுத்து ெ குறியும் என்று போட்டுத் தேடுங்கள்.

உங்கள் ஃபைலிலேயே இருக்கக்கூடிய பிழைகள் வேறு வகை. துணைக்காலும் ர-வும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் 'கால்' என்பது 'கரல்' ஆகியிருக்கும். 'கௌரி', 'மௌனம்', 'பௌர்ணமி' எல்லாம் ெ குறியும் ள-வும் சேர்ந்து 'கெளரி', 'மெளனம்', 'பெளர்ணமி' என்று கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால்தான் அகப்படும். அவசரப்பட்டு 'அனைத்தையும் மாற்று' பொத்தானை அழுத்திவிடாதீர்கள். ஒகேனக்கல் கெளுத்தி மீனும், 'மெள்ள நடந்தான்' என்ற வாக்கியமும் சேர்ந்து நாசமாகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

சந்திப் பிழைக்கு நாவி, சொற்பிழைக்கு வாணி என்று இணையத்தில் திருத்திகள் இருக்கின்றன. கதைசொல்லும் பகுதியை அவற்றில் ஓட்டலாம். உரையாடலை ஓட்டினால் வட்டாரச் சொல் அத்தனையும் சிவப்பாகும், பயனில்லை.

மெய்ப்பை மூன்று முறை, மூன்று வேலையாகப் பாருங்கள். முதல்முறை இன்னொருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, நீங்கள் அச்சுத்தாளைப் பார்ப்பது. விட்டுப்போன வரி, இரண்டுமுறை வந்த பத்தி இதில்தான் சிக்கும். இரண்டாம்முறை பிழைக்காக மட்டும், அதுவும் கடைசி அத்தியாயத்தில் தொடங்கி முதல் அத்தியாயத்தில் முடியும்படி. எல்லோரும் முதல் ஐம்பது பக்கத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டு, கடைசி ஐம்பதை அசதியில் தள்ளிவிடுகிறார்கள். மூன்றாம்முறை கதையைப் படிக்கவே கூடாது. பக்க எண், அத்தியாயத் தலைப்பு, உள்விளிம்பு மட்டும். முதுகுப்பக்க விளிம்பு 20 மி.மீ. இல்லாவிட்டால் 288 பக்கம்போலப் பருமனுள்ள புத்தகத்தில் வரியின் ஓரம் ஒட்டுக்குள் போய்விடும்.

திருத்தம் போட்டு வந்ததும் திருத்திய சொல்லை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். ஒரு சொல் கூடினால் வரி தள்ளும், வரி தள்ளினால் பக்கம் தள்ளும். அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கம்வரை புரட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ். உரையாடலை எப்படி எழுதுவது?
– தேன்கனிக்கோட்டை வாசகர்

பேசுகிறபடி எழுதுங்கள், அடைப்புக்குறிக்குள் பொருள் போடாதீர்கள். அடுத்த ஆளின் பதிலிலேயே பொருள் விளங்கிவிட வேண்டும். விளங்காத இடத்தில் அந்த வாக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து 'என்று தெலுங்கில் கேட்டாள்' என்று முடிக்கலாம்.

அதைவிட முக்கியம், ஒரு நோட்டில் சொல் பட்டியல் வைத்துக்கொள்வது. போய்க்கினு, போயிக்கினு, போயிகினு மூன்றில் எது? தர்மபுரியா, தருமபுரியா? ஒசூரா, ஓசூரா? ஒரு முடிவெடுத்து எழுதி, நகலை டி.டி.பி. செய்பவரிடமும் மெய்ப்புப் பார்ப்பவரிடமும் கொடுங்கள். வட்டார வழக்கைப் பிழை என்று நினைத்து அவர்கள் 'திருத்தாமல்' இருக்கவும் இது உதவும்.

கேள்வி: மாங்கூழ்த் தொழிற்சாலையை வைத்து 1996இல் நடக்கும் கதை எழுதியிருக்கிறேன். வெளியிடுமுன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?
– காவேரிப்பட்டணம் வாசகர்

உங்கள் கதையில் யாராவது கிருஷ்ணகிரி கலெக்டரிடம் மனு கொடுக்கிறார்களா? 1996இல் அப்படியொருவர் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 9.2.2004 அன்று. அதுவரை தருமபுரிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். தாத்தா காலத்துக் காட்சி இருந்தால் இன்னும் கவனம். தருமபுரி மாவட்டமே 2.10.1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. 1996இல் ஆயிரம் ரூபாய் நோட்டு புழக்கத்தில் கிடையாது, 2000இல்தான் திரும்ப வந்தது. ஓசூர் மாநகராட்சி ஆனது 2019இல். தோட்டத்துக்காரர் 'பெங்களூரா' என்பார், கூழ் டப்பாவில் 'தோத்தாபுரி' என்றிருக்கும். யார் வாயில் எது வருகிறது என்று பாருங்கள்.

உள்ளூர் வாசகர் முதலில் கண்டுபிடிப்பது இவற்றைத்தான். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் மீதிக் கதையை நம்ப மாட்டார்.

கேள்வி: எல்லாவற்றையும் தாங்களே செய்துதருவதாக ஒரு நிறுவனம் பேக்கேஜ் சொல்கிறது. ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?
– அரூர் வாசகி

உரிமை யாரிடம், எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த வடிவத்துக்கு? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்களே காசு போடும்போது உரிமையை எழுதித்தர எந்தக் காரணமும் இல்லை. வெளியிட அனுமதி மட்டும் கொடுங்கள்.

பக்கங்களின் திறந்த ஃபைல், அதாவது திருத்தக்கூடிய ஃபைல், உங்கள் கைக்கு வருமா என்று கேளுங்கள். வெறும் பி.டி.எஃப். இருந்தால் இரண்டாம் அச்சில் ஒரு சந்திப்பிழையைத் திருத்தவும் அவர்களிடமே போய் நிற்க வேண்டியிருக்கும். ராயல்டி, அட்டை விலையிலா, செலவு போக வந்ததிலா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். 'செலவு போக' என்று இருந்தால் எந்தச் செலவு என்ற பட்டியல் வேண்டும்.

கேள்வி: ஐ.எஸ்.பி.என். கட்டாயமா? கதை திருடுபோகாமல் இருக்கப் பதிவு செய்ய வேண்டுமா?
– ஓசூர் வாசகர்

ஐ.எஸ்.பி.என்., அதாவது நூலுக்கான சர்வதேச அடையாள எண், சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் அச்சுப் புத்தகத்தைக் கடையிலும் நூலகத்திலும் இணையத்திலும் விற்க அது இல்லாமல் சிரமம். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை இலவசமாகத் தருகிறது. ஆசிரியரே நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இலவச எண்ணுக்கு யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் உஷார். எண் கைக்கு வருமுன் அட்டையை அச்சுக்கு அனுப்ப வேண்டாம், பின்னட்டைப் பார்கோடு அதிலிருந்துதான் வரும்.

பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பின் 60 ஆண்டு நீடிக்கும். பதிவு உங்கள் விருப்பம், கட்டணம் 500 ரூபாய். அதைவிடப் பலர் மறப்பது 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் போக வேண்டும். கணக்கில் இந்த நாலையும் சேருங்கள்.

கேள்வி: 1000 பிரதி அடித்தால் ஒரு பிரதியின் விலை பாதியாகிறது என்கிறார் அச்சகத்தார். அடிக்கலாமா?
– பாலக்கோடு வாசகர்

வேண்டாம். அவர் சொல்லும் கணக்கு சரிதான். ஆஃப்செட்டில் பிளேட்டுக்கும் மெஷின் ஏற்றுவதற்கும் ஆகும் செலவு 100க்கும் 1000க்கும் ஒன்றே, பிரதி கூடக்கூட அது பங்காகிவிடும். ஆனால் விற்காத 800 பிரதியின் விலையை யாரும் பங்கிட்டுக்கொள்ள மாட்டார்கள். அவை கட்டிலுக்கடியில் கரையானுக்குப் போகும். முதல் நாவலுக்கு டிஜிட்டலில் 100 பிரதி போதும். பிளேட் கிடையாது, தீர்ந்தால் மறுபடி 50 போடலாம், இடையில் கண்ட பிழையையும் திருத்திக்கொள்ளலாம். 500க்குக் கையில் உறுதியான கேட்பு வந்த பிறகு ஆஃப்செட்டுக்குப் போங்கள். அந்த நூறுக்கும் முன்னால் ஒரே ஒரு மாதிரிப் பிரதி வாங்கி, நடுவில் அகல விரித்துப் பாருங்கள். ஒட்டு விட்டு தாள் கழன்றால் முதுகைச் சரியாகச் சொரசொரப்பாக்காமல் பசை போட்டிருக்கிறார்கள்.

விலை வைக்கும்போது பிரதிக்கு 120 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 250 என்று விலை போட்டால் கடைக்கு 40 சதவீதம், 100 ரூபாய் போகும். மிச்சம் 150, அதில் உங்களுக்கு 30. பார்சல் செலவும் இலவசப் பிரதியும் அதைத் தின்றுவிடும். 320 போட்டால் கடைக்கு 128 போக உங்களுக்கு 72 நிற்கும். புத்தகத் திருவிழாவில் 10 சதவீதத் தள்ளுபடியை வாசகர் எதிர்பார்ப்பார், அதையும் இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: அச்சுப் புத்தகத்தோடு கிண்டிலிலும் போடலாமா?
– ஊத்தங்கரை வாசகி

போடலாம், தமிழை ஏற்கிறார்கள். ஐ.எஸ்.பி.என். தேவையில்லை. இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அமேசானின் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் வலைப்பூவில் போட்டிருக்கும் அத்தியாயங்கள் உட்பட; மாதிரிக்காகப் புத்தகத்தில் 10 சதவீதம்வரை மட்டும் விட்டுவைக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடையில்லை.

கேள்வி: தபாலில் அனுப்பக் குறைந்த செலவில் என்ன வழி?
– மொரப்பூர் வாசகர்

2025 மே மாதம் அஞ்சல் துறை புத்தகங்களுக்கென்று தொடங்கிய ஞான் போஸ்ட் சேவை. 300 கிராம்வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. எங்கே போகிறது என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். 70 ஜி.எஸ்.எம். தாளில் 288 பக்கப் புத்தகம் உறையில்லாமலே 320 கிராமைத் தாண்டும், அதனால் அடுத்த படிக்குப் போய்விடும். எப்படியும் அடுத்த படிதான் என்னும்போது உறையில் கஞ்சத்தனம் வேண்டாம். முதலில் பாலிதீன் கவர், மேலே அட்டைத் துண்டு, நாலு மூலைக்கும் டேப். புத்தகம் அடிபடுவது மூலையில்தான்.