71-லேயே நின்ற இயற்பியல்: முதலில் விடைத்தாளை வாங்குங்கள்

அம்மா, பொண்ணின் பிளஸ் டூ மார்க்கை மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அதற்காக இந்தக் கத்திரி வெயிலில் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி காட்பாடி வரை வர வேண்டாம். நேரில் வந்தாலும் நான் சொல்லப்போவது இதுதான்.

பொண்ணுக்கு இயற்பியலில் 71, அவள் எதிர்பார்த்தது 88. அந்த 71-ல் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10, முப்பதும் முழுசாக வந்திருக்கிறது. மறுமதிப்பீட்டில் அதையெல்லாம் தொட மாட்டார்கள். எழுத்துத் தேர்வில் 70-க்கு 41. நம் வழக்கு இந்த 41 மேல்தான்.

"டியூஷன் சாரே ஆச்சரியப்பட்டார்" என்று எழுதியிருந்தீர்கள். சார் பார்த்தது வினாத்தாளை. அவள் என்ன எழுதினாள் என்பது விடைத்தாளில்தான் இருக்கிறது. அதனால் எடுத்தவுடனே மறுகூட்டலுக்குப் போடாதீர்கள். 205 ரூபாய் என்று பலரும் அதில்தான் விழுகிறார்கள். கூட்டலை மட்டும் சரிபார்த்துவிட்டு முடித்துவிடுவார்கள். விடைத்தாள் நகல் 275 ரூபாய். நகல் வாங்கியவர்கள்தான் பிறகு 505 ரூபாய் கட்டி மறுமதிப்பீடு கேட்க முடியும். நகல் வாங்காமல் விட்டால் அந்தக் கதவு மூடிவிடும். விண்ணப்பம் அவள் படித்த பள்ளி வழியாகத்தான், அதுவும் சில நாள் மட்டுமே. நாளைக்கே ஹெட்மாஸ்டரைப் பாருங்கள்.

நகல் கைக்கு வந்ததும் கீ ஆன்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளே உட்கார்ந்து திருத்தட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். போன வருஷம் அணைக்கட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் என் மேஜையில் இப்படித்தான் பக்கம் பக்கமாகப் புரட்டினான். 36-ஆம் கேள்வி, ஒரு சமன்பாட்டைப் படிப்படியாக வருவிக்கும் ஐந்து மார்க் கேள்வி. பாதி எழுதி, இடையில் வேறு விடை எழுதிவிட்டு, மூன்று பக்கம் தள்ளி மீதியை முடித்திருந்தான். முதல் பாதிக்கு 2 போட்டிருந்தது. மீதிப் பாதியில் சிவப்பு மை படவே இல்லை. "இதோ சார்" என்று விரல் வைத்தான். மறுமதிப்பீட்டுக்குத் தேவை அந்த மாதிரி ஒரு இடம். ஃபார்முலா எழுதியும் ஸ்டெப் மார்க் விழாதது, அலகு சரியாக இருந்தும் வெட்டியது, இவற்றையும் குறித்து வையுங்கள். "நல்லாத்தான் எழுதினேன்" என்பதற்கு யாரும் மார்க் போட மாட்டார்கள்.

அப்படி ஒரு இடமும் கிடைக்கவில்லையா, 505 ரூபாயைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்தாலும் என்ன லாபம் என்று பாருங்கள். இன்ஜினியரிங் சேர்க்கைக்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மார்க்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இயற்பியலில் நாலு மார்க் ஏறினால் கட்-ஆஃபில் இரண்டுதான் ஏறும். அதே நாலு கணிதத்தில் ஏறினால் முழுசாக நாலு. கணிதத்திலும் சந்தேகம் இருந்தால் முதல் 275-ஐ அங்கே கட்டுங்கள். ரிசல்ட் மாறட்டும் என்று கவுன்சிலிங் விண்ணப்பத்தை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள், இருக்கும் மார்க்கோடு போட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனும் விடைத்தாளைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அவன் பல்கலைக்கழக விதி வேறு. ஆனாலும் திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்கத் தகவல் உரிமைச் சட்டப்படி மாணவனுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

நகல் பிடிஎஃப் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பொண்ணையே பேசச் சொல்லுங்கள். அதுவரை 71 பேச்சை எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாக அவங்க அப்பாவிடம் சொல்லுங்கள்.